பேசத் தூக்கிய கை

சிப்பிமேட்டில் தூக்கிய கைகள் கீழே இறங்காமல் நின்றுபோனது ஆவணி மாதத்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். மீன் ஏலம் போடும் கொட்டகையில், நம்புத்தாய் என்கிற பாசிக்காரியை ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது என்று முடிவான கூட்டத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு கைகள் மேலே போயின, ஊர்த்தலைவர் கோட்டைச்சாமி ஒவ்வொரு கையாக விரல் நீட்டி எண்ணி, கடைசியில் தன் கையையும் தூக்கிச் சேர்த்துக்கொண்டு, "சரி, எறக்குங்க" என்றார், ஒன்றும் இறங்கவில்லை.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் வில்லாயியின் கையும் ஒன்று. ஆனால் அவள் கை மற்றவர்கள் கையைப் போன்றது அல்ல. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் பாசியைப் பற்றியும் அந்த ஊர் வழக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

சிப்பிமேட்டு ஆண்கள் மீன் பிடிக்கிறார்கள். பெண்கள் எதிரே தெரியும் தீவுகளுக்கு வள்ளத்தில் போய், கழுத்தளவு தண்ணீரில் மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் முளைத்திருக்கும் பாசியைப் பறித்து வருகிறார்கள். பாசி காய்ந்தால் கம்பெனி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஐஸ்கிரீமில் போடுகிறார்களாம், மாத்திரையில் போடுகிறார்களாம். பறித்துக்கொண்டே இருந்தால் பாறை மொட்டையாகிவிடும் என்பதால், வளர்பிறையில் ஆறு நாள், தேய்பிறையில் ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்கலாம் என்று பெண்களே கூடி வைத்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. மற்றதெல்லாம் மூடு நாள். மூடு நாளில் பாசி எடுத்தவளை ஊர் ஒதுக்கிவைக்கும்: அவளோடு யாரும் பேசக் கூடாது, குழாயடியில் தண்ணீர் கிடையாது, வள்ளத்தில் இடம் கிடையாது, அவளோடு பேசியவருக்கும் அதே கதி.

ஒரு மூடு நாளில் நம்புத்தாய் வீட்டுக்குப் பின்னால் ஈரப்பாசி காய்ந்துகொண்டிருந்தது. நாலு பேர் பார்த்தார்கள். அவ்வளவுதான் வழக்கு.

அது பழைய பாசி. முந்தின திறப்பு நாளில் பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி வைத்திருந்தது. கூரை ஒழுகி மூட்டை நனைந்துபோனதால், விடிந்ததும் நம்புத்தாய் அவிழ்த்துக் கொட்டினாள். தார்ப்பாயை விரிப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவள் வேலிக்கு இந்தப் பக்கத்து வீட்டைப் பார்த்து "மதினி, செத்த வாங்க" என்று கூப்பிட, போய் மறுமுனையைப் பிடித்தவள் வில்லாயி. பிறகு இருவரும் குத்தவைத்து உட்கார்ந்து பாசியைக் கையால் உதறி உதறிப் பரப்பினார்கள். இதைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

இனி வழக்கம். சிப்பிமேட்டுக் கூட்டத்தில் ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்று பேசலாம். பெண்கள் பேச வேண்டுமானால் தலையைக் குனிந்துகொண்டு வலது கையைத் தூக்க வேண்டும். தலைவர் பார்த்து, "சொல்லு தாயி" என்றால் பேசலாம், சொல்லாவிட்டால் இறக்கிவிட வேண்டும். ஒரு முடிவுக்குச் சம்மதம் காட்டுவதற்கும் அதே வலது கைதான். இரண்டுக்கும் ஒரே கையாக இருக்கிறதே என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் பேசுவதற்காகக் கை தூக்கிய பெண்கள் அந்த ஊரில் அதிகம் இல்லை.

அன்றைக்குப் பாசி வழக்கு என்பதால் பெண்கள் முன்னாலும் ஆண்கள் பின்னாலும் உட்கார்ந்தார்கள். நம்புத்தாய் தனியாக, எல்லோரையும் பார்த்தபடி மணலில் இருந்தாள். "மழையில நனஞ்சதக் காயப்போட்டேன்" என்று அவள் முன்பே சொல்லிவிட்டாள். நம்பியதாகவும் யாரும் சொல்லவில்லை, நம்பாததாகவும் சொல்லவில்லை. கோட்டைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்புத்தாய ஒதுக்கி வைக்கணும்னு சொல்றவக கையத் தூக்குங்க" என்றார்.

வில்லாயியின் வாய்க்குள் ஆறு சொற்கள் தயாராக இருந்தன: அது பழைய பாசி, நான்தான் தார்ப்பாயப் பிடிச்சேன். அவள் தலையைக் குனிந்தாள், கையைத் தூக்கினாள், "சொல்லு தாயி" என்கிற குரலுக்காகக் காத்திருந்தாள். அந்தக் குரல் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சுற்றிலும் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சரிகிற சத்தம் கேட்டது, மழை தூரத்திலிருந்து நெருங்கி வருவதைப் போல. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது எங்கே பார்த்தாலும் கை. ஊரே முடிவு செய்துவிட்டது போலிருக்கிறதே என்று நினைத்தாள். ஆறு சொற்களும் வந்த வழியே தொண்டைக்குள் இறங்கின. இப்போது கையை இறக்கினால் நான் ஒருத்தி இறக்கியதாகத் தெரியும், எண்ணி முடிக்கட்டும், பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். எதிரே நம்புத்தாய் அத்தனை கைகளிலும் ஒரே ஒரு கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்த பிறகும் இறக்க முடியவில்லை.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் வேப்பெண்ணெய் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் பூசாரியிடம் போனார்கள்; அவர் கையும் மேலேதான் நின்றது; அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இடது கையால் விபூதி பூசினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் கொடுத்தால் முகம் சுளிக்கிற, இடது கையால் சாப்பிட்டால் சோற்றுத் தட்டைப் பிடுங்குகிற ஊர் அது. ஆனால் எல்லோருக்கும் அதுதான் என்று ஆனபின் ஒரே வாரத்தில் இடது கை என்ற பேச்சே போய்விட்டது. கை என்றால் கீழே இருக்கிற கை, மேலே நிற்பது ஊர்க்கை.

ஓலைக் கூரைகள் தாழ்ந்தவை. ஆகவே சாப்பிட உட்காரும் இடத்துக்கு மேலும் அடுப்படிக்கு மேலும் கூரையில் ஓட்டை போட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் வெளியிலிருந்து பார்த்தால் கூரைக்குக் கூரை நாலைந்து கைகள் நீட்டிக்கொண்டு நின்றன, காக்கைகள் வந்து அவற்றில் உட்கார்ந்தன. பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் கமால் பாய், கழுத்திலிருந்து கை நுனி வரைக்கும் பொத்தான் வைத்து ஒரு சட்டையும் ஒரு ரவிக்கையும் வெட்டிப் பழகிக்கொண்டார். பொத்தான் போட இரண்டு கை வேண்டும் என்பதால் புருஷன் பெண்டாட்டிக்கும், பெண்டாட்டி புருஷனுக்கும் ஒவ்வொரு கை கொடுத்தார்கள். வலை முடிய, மீன் அரிய, தலை பின்ன, குழந்தை குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் ஜோடி தேவைப்பட்டது. முன்பு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட ஒன்றாய் நின்று மாவு பிசைந்தார்கள். நம் ஊர் மாதிரி ஒற்றுமை எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

பஸ் விஷயம்தான் கொஞ்ச நாள் குழப்பமாக இருந்தது. சாலையோரம் யார் நடந்து போனாலும் கையைக் காட்டுகிறார்கள் என்று டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். நிறுத்தின பஸ்ஸில் ஏறாமல் விட்டால் நன்றாக இருக்காது என்று அவர்களும் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வேலையைப் பார்க்கத் திரும்பி நடந்தார்கள்.

திறப்பு நாளில் பெண்கள் தீவுக்குப் போய் முங்கியபோது, உடம்பு தண்ணீருக்குள் போனது, ஊர்க்கை போகவில்லை. வள்ளத்திலிருந்து பார்த்தால் கடலில் கைகள் நட்டு வைத்தாற்போல் இருந்தது. ஒரு கையால் பறித்ததில் பாதிப் பாசிதான் தேறியது. டவுனிலிருந்து மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் அமுக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "வலி இருக்கா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார்கள். உண்மையிலேயே இல்லை. ஆவணியிலிருந்து மார்கழி வரை நான்கு மாதமும் ஒருவருக்கும் கை வலித்ததில்லை. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கை இறங்காததால் வேறொன்றும் நடந்தது. புரட்டாசிக் கூட்டத்தில் குழாயடி நேரத்தை மாற்றலாமா என்று கோட்டைச்சாமி கேட்டார். எல்லாக் கையும் மேலே இருந்தது. எண்ணினார்: இருநூற்றுப் பன்னிரண்டு. வேலை சுளுவாக முடிந்ததே என்று எல்லோருக்கும் சந்தோஷம். பின்னால் இருந்த ஒருத்தன் கேலியாக, "செவ்வாக்கெழம ஊருக்குள்ள யாரும் விசில் அடிக்கக் கூடாதுன்னு ஒண்ணு போடுங்க மாமா" என்றான். சிரிப்பு அடங்கியதும் கோட்டைச்சாமி பார்த்தார். கைகள் மேலேதான் இருந்தன. அவர் எண்ணுகிறவர், எண்ணினார். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை விசில் நின்றது. வலையோடு உட்கார்ந்தால் விசிலோடுதான் உட்காருவான் வில்லாயியின் புருஷன் பூமிநாதன், செவ்வாய்க்கிழமைகளில் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு வலை முடிந்தான். அடுத்த மாதம் வாசல்களை மேற்கே திருப்ப வேண்டும் என்று வந்தது, திருப்பினார்கள். வேண்டாம் என்கிறவர்கள் யார் என்று கேட்கும் பழக்கம் அந்த ஊரில் எப்போதும் இருந்ததில்லை.

கூட்டத்தில் கலந்துகொள்ளாத பிள்ளைகளுக்கு இரண்டு கையும் கீழேதான் இருந்தன. அவர்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வலது கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஓய்ந்துபோனால் இடது கையால் தாங்கிப் பிடித்தார்கள், அதுவும் ஓய்ந்தால் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்துபோகிற டீச்சர் ஒவ்வொரு கயிறாக அவிழ்த்துவிட்டுத் திட்டுவார். ஐப்பசியில் ஒரு நாள் கரும்பலகையில் மேலே தேதி எழுதத் தூக்கிய அவருடைய கை அங்கேயே நின்றது. பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படவில்லை. டீச்சரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாக்பீஸை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கணக்கு நடத்தினார்.

இவ்வளவுக்கும் நடுவே, இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஒருத்திதான் நடந்தாள். அவள் நம்புத்தாய். இரண்டு மைல் தள்ளி அடுத்த ஊரில் தண்ணீர் எடுத்து, இடுப்புக்கு ஒரு குடமாக இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு வருவாள். கரையில் ஒதுங்குகிற சிப்பியைப் பொறுக்கி அங்கேயே விற்றுவிட்டு வருவாள். முதல் மாதம் அவளைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்ச தூரம் போனதும் பெருமூச்சு விட்டார்கள். இரண்டாம் மாதம் பெருமூச்சு நின்றது. மூன்றாம் மாதம் பேச்சு வேறு மாதிரி ஆனது.

"ரெண்டும் தொங்குதேடி, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். "பிள்ளைக பயப்படுதுக. ரெண்டு கைக்காரி வர்றான்னு சொன்னாத்தான் எம்மகன் சோறு திங்கிறான்."

வில்லாயிக்கு ஓர் ஆறுதல் இருந்தது, அதை உப்பு முடிச்சைப் போல யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். நீங்கள் எல்லாம் ஒதுக்கத் தூக்கினீர்கள், நான் பேசத் தூக்கினேன், என் கை வேறு. குளிக்கும்போதும் சொல்லிக்கொள்வாள், முங்கும்போதும் சொல்லிக்கொள்வாள். வேலிக்கு அந்தப் பக்கம் நம்புத்தாய் இருமும் சத்தம் கேட்டால் இரண்டு தடவை சொல்லிக்கொள்வாள்.

மார்கழியில் தண்டோரா வந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம். நம்புத்தாயின் குடிசையைப் பிரித்துப் போட்டு, அவளை ஊரைவிட்டே அனுப்புவது பற்றி.

"அவ எங்கிட்டுப் போவா?" என்று கேட்டாள் வில்லாயி.

"எங்கிட்டோ போறா. ரெண்டு கை இருக்கு, பொழச்சுக்க மாட்டாளா?" என்றாள் பஞ்சவர்ணம். இருவரும் ஒரு முறத்துக்கு இரண்டு பக்கமும் நின்று பாசியில் மண் புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

யார் முதலில் தூக்கியது என்று அந்த நேரத்தில்தான் வில்லாயிக்குத் தோன்றியது. முதல் கை யாருடையது என்று தெரிந்துவிட்டால் பாவம் முழுவதையும் அந்தக் கையில் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

"நீ எதுக்குடி அன்னைக்குத் தூக்குனே?"

"என்ன கேள்வி மதினி இது? கற்பகம் தூக்குனா, தூக்குனேன். அவ சும்மா தூக்குற ஆளா?"

கற்பகத்தை வள்ளத்தில் பிடித்தாள். "எனக்கு என்னத்தத் தெரியும்? அழகுப்பிச்சை அக்கா தூக்குச்சு. நாப்பது வருசமா கடல்ல கெடக்குற அக்கா, அதுக்குத் தெரியாத பாசியா?"

அழகுப்பிச்சை வெற்றிலையை வாயின் ஓர் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டாள். "நான் அந்தப் பாசியக் கண்ணால பாக்கவே இல்லத்தா. பாத்திருந்தா ஈரம் புதுசா பழசான்னு மோந்தே சொல்லியிருப்பேன். யாரும் காட்டல, நானும் கேக்கல. முன்ன தூக்கிட்டாகளேன்னு தூக்குனேன்." பிறகு வில்லாயியைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தாள். "நீ எதுக்கு என்கிட்ட வந்து கேக்குற?"

வீட்டில் பூமிநாதனைக் கேட்டாள். அவன் சட்டைப் பொத்தானுக்குக் குனிந்தபடி, "பாசி உங்க சோலி. நீங்க தூக்குனீக, நாங்க தூக்குனோம்" என்றான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தவர் கோட்டைச்சாமி. கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில், ஊர்க்கையில் குடையைச் சொருகிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"தலைவரே, அன்னைக்கு மொத மொத கையத் தூக்குனது யாரு?"

அவர் சிரித்தார். "என்னையச் சோதிக்கிறியா தாயி? நீதான்."

வில்லாயி நின்றாள்.

"நான் எண்ணுறவன். மொதக் கை எது, கடைசிக் கை எதுன்னு எனக்குத் தெரியாதா? மொதக் கை ஒன்னோடது, கடைசிக் கை என்னோடது. உண்மையச் சொன்னா, யாரும் தூக்க மாட்டாகன்னுதான் நான் கேட்டேன். கேக்குறது மொற, அதுக்காகக் கேட்டேன். கண்டிச்சு அனுப்பிருவோம்னு எந்திரிக்கப் போறேன், நீ தூக்கிட்ட. கூடப் பொறக்காத கொறையா அவளோட திரிஞ்சவ நீ. நீயே தூக்கிட்டா அப்புறம் யாருக்கு என்ன சந்தேகம்? ஒனக்குப் பின்னாடி அழகுப்பிச்சை, அப்புறம் கற்பகம், அப்புறம் சடசடன்னு எல்லாம். ஊர் நாயத்துக்காக நீ கூட்டாளியவே விட்டுக் குடுத்தேன்னு இன்னமும் ஒன்னையப் பத்திப் பெருமையாத்தான் பேசிக்கிறாக."

"நீங்க எதுக்குத் தூக்குனீக?"

"ஊரே தூக்கி நிக்கிறப்ப தலைவன் கை கீழ கெடந்தா நல்லாவா இருக்கும்?"

வில்லாயி திரும்பி நடந்தாள். எங்கே நடக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஒரு குடம் உடைந்து தண்ணீர் எல்லாப் பக்கமும் ஓடுவதைப் போல இருந்தது. அவள் அண்ணாந்து தன் கையைப் பார்த்தாள்: ஐந்து விரல், பாறை கீறின தழும்புகள், ஒரு பிளாஸ்டிக் வளையல். நான்கு மாதமாக வேறு கை, வேறு கை என்று கும்பிட்டுக்கொண்டிருந்த கை. அழகுப்பிச்சையைத் தூக்க வைத்ததும், கற்பகத்தைத் தூக்க வைத்ததும், பூமிநாதனின் விசிலை நிறுத்தியதும், பிள்ளைகளின் மணிக்கட்டில் கயிறு மாட்டியதும் அதுதான்.

கால்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றன.

நம்புத்தாய் குடிசைக்குப் பின்னால் பழைய மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வாங்காததால் அந்தப் பாசி அப்படியே இருந்தது. மழை வரும்போதெல்லாம் நனையும், வெயில் வரும்போதெல்லாம் காயப்போடுவாள்.

"என்கூடப் பேசுனா ஒங்களுக்கும் இதே கதிதான் மதினி" என்றாள் நிமிராமல்.

"நான் அன்னைக்கு ஒன்னைய ஒதுக்கச் சொல்லித் தூக்கல."

"தெரியும்."

"தெரியுமா?"

"தலையக் குனிஞ்சில்ல தூக்குனீக. பேசத் தூக்குறவதான் குனிவா. ஒதுக்கத் தூக்குறவ எதுக்குக் குனியணும்?" நம்புத்தாய் இப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னும் எறக்காமத்தான நிக்கிறீக. அதான், பேசுவீகன்னு காத்துக்கிட்டு இருக்கேன். ஆவணியில இருந்து."

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் வில்லாயி தாங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. கொட்டகையில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். கைகள் கூரைக் கம்புகளை இடித்துக்கொண்டு நின்றன. நம்புத்தாய் வரவில்லை. அவள் வந்தாலும் வராவிட்டாலும் எண்ணிக்கை மாறப்போவதில்லை. கோட்டைச்சாமி வாயைத் திறப்பதற்குள் வில்லாயி எழுந்து நின்றாள். பெண்கள் அங்கே எழுந்து நின்றதில்லை.

"தலைவரே, என் கை பேசத் தூக்குன கை. நாலு மாசமாத் தூக்கி நிக்கிறேன். நீங்க இன்னும் 'சொல்லு தாயி'ன்னு சொல்லல."

பின்னாலிருந்து ஒருவன், "இப்பத்தான் அயித்தைக்கு ஞாபகம் வந்துச்சு போல" என்றான். சிரித்தார்கள்.

"அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு தாயி. ஒக்காரு."

"எனக்கு முடியல" என்றாள் வில்லாயி. பிறகு, யாரும் அனுமதி கொடுக்காமலே, அந்த ஆறு சொற்களையும் சொன்னாள். "அது பழைய பாசி. நான்தான் தார்ப்பாயப் பிடிச்சேன்."

அவள் கை விழுந்தது. நனைந்த சாக்கு வள்ளத்திலிருந்து விழுவதைப் போலத் தொப்பென்று தொடையில் வந்து மோதி, ஆடி நின்றது.

கொட்டகையே அதிர்ந்துபோய் அந்தக் கையைப் பார்த்தது. அவள் சொன்னதை யாராவது கேட்டார்களா என்பதே சந்தேகம். பஞ்சவர்ணம் தன் முந்தானையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். தள்ளி உட்கார்ந்தவளைப் பார்த்து அடுத்தவள் தள்ளினாள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள், வில்லாயியைச் சுற்றி மணல் வட்டமாகத் தெரிந்தது.

கோட்டைச்சாமி கெட்டவர் இல்லை, முறை தவறாதவர். முறைப்படி அடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டார். "கட்டுப்பாட்ட மீறிப் பேசுன வில்லாயியையும் சேத்து ஒதுக்கணும்னு சொல்றவக?"

கைகள் மேலே இருந்தன. அவர் எண்ணினார். இருநூற்றுப் பதினொன்று. அந்த இருநூற்றுப் பதினொன்றில் பூமிநாதனின் கையும் இருந்தது. அவன் தலையைக் குனிந்திருந்தான். அதை வில்லாயி பார்த்தாள்.

பிறகு கூட்டத்தின் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "நான் ஒண்ணு கேக்குறேன். நம்புத்தாய் மேல குத்தமே இல்ல, நாமதான் தப்புப் பண்ணிட்டோம்னு சொல்றவக கையத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் இல்லை.

"எண்ணுங்க தலைவரே."

அவர் எண்ணியிருக்க வேண்டாம். ஆனால் தூக்கிய கையைக் கண்டால் எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது. கீழே இருந்த கையின் விரல் தானாக நீண்டது, உதடு தானாக அசைந்தது, முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை என்று போய், தன் தலைக்கு மேலே நிற்கிற கையில் வந்து முடிந்தது. இருநூற்றுப் பதினொன்று. அவர் அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னார்; சொல்லிவிட்டு, தன் கையை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவரைப் பார்த்து முன்வரிசை அண்ணாந்தது, முன்வரிசையைப் பார்த்து நடுவரிசை.

வில்லாயி மணலில் இறங்கி நடந்தாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

நம்புத்தாய் தார்ப்பாயின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை எட்டிப் பாசிமேல் இழுத்துக்கொண்டிருந்தாள். காற்று திரும்பத் திரும்பப் பிடுங்கியது. வில்லாயி போய் மறுமுனையைப் பிடித்தாள். பிடித்த உடனே தோளிலிருந்து விரல் வரைக்கும் ஒரு வலி கத்தியால் கீறியது போல ஓடியது. நான்கு மாத வலியும் சேர்ந்து வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பேசிட்டீகளா?"

"பேசிட்டேன்."

"வலிக்குதா?"

"ம்."

"அந்தக் கைய விடுங்க. மறு கையில பிடிங்க."

"இல்ல. இதுலயே பிடிக்கிறேன்."

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது. பெண்குரல், பஞ்சவர்ணமாக இருக்கலாம். அது அடங்குவதற்குள் இன்னொன்று, பிறகு நாலைந்து, பிறகு ஆணும் பெண்ணுமாக ஒரு பெரிய முனகல், காற்றில் ஏறி ஏறி வந்தது.

"என்ன மதினி அது?"

வில்லாயி காதைக் கொடுத்துக் கேட்டாள். "கை வலிக்குது அவுகளுக்கு."

ஒவ்வொருவருக்கும் சொந்தமாக வலிக்கிறதா, பக்கத்தில் இருப்பவருக்கு வலிப்பதைப் பார்த்து வலிக்கிறதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தார்ப்பாயின் மூலை விரலிலிருந்து நழுவியது. குனிந்து, அதே கையால், மறுபடியும் எடுத்தாள்.